வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்!

பழந்தமிழ் நாட்டில் மழை பிழைத்தபோது மக்கள் அரசனைக் குறை கூறினர். வானம் செய்த பிழைக்கு அரசன் எவ்வாறு பொறுப்பாவான் என்று எவரும் வாதாடவில்லை. மழையைப் பெய்விக்க அரசனால் இயலாது. ஆயின் மழை பெய்யாத ஆண்டும் ஒன்று வரும் என்று முன்னரே எண்ணிக் குளம் வெட்டவும் களஞ்சியம் நிரப்பவும் அவனால் இயலும். அக்கடமையைச் செய்யத் தவறியவன் செங்கோல் ஏந்தத் தகுதியற்றவன் என்பதே அவர்தம் தீர்ப்பு.

இன்றைய இலங்கையிலோ நீதி தலைகீழாய் நிற்கின்றது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றும்போதெல்லாம் அமைச்சர் வானத்தைச் சுட்டுகின்றார். அதிகாரி வானிலை அறிக்கையைச் சுட்டுகின்றார். வானம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றது. ஆட்சியாளரோ சாட்சிகளாக நின்று அனுதாபம் தெரிவிக்கின்றனர். தண்டனை மட்டும் வேறிடங்களில் நிறைவேற்றப்படுகின்றது: உரும்பிராயில் வெங்காயப் பாத்திக்கு நீரிறைக்கும் விவசாயியின் மின்கட்டணச் சீட்டில், பனிக்கட்டிக்குக் காத்திருக்கும் மீனவனின் தோணியில், பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் அணைந்த விளக்கில்.

இவ்வழக்கை நாம் மீண்டும் விசாரணைக்கு எடுக்கின்றோம். வானம் மாறக்கூடியது, அது வானத்தின் இயல்பு. மாறும் வானத்தை நம்பி ஒரு நாட்டின் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, அது மாறிய ஒவ்வொரு முறையும் வியப்படைவதுபோல் நடிப்பது ஆட்சியின் குற்றம். அக்குற்றத்தின் சுமையைத் தாங்கும் குடாநாட்டு மக்களுக்குத் தம் மின்சாரத்தைப் பற்றித் தாமே தீர்மானிக்கும் உரிமை வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆறில்லா ஊருக்கு ஆற்று மின்சாரம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடக்கும் வழுக்கியாறு ஒன்றே ஆறு என்ற பெயரைத் தாங்கி நிற்கின்றது. சுண்ணக்கல்லின் அடியில் மாரிமழை சேர்த்துவைக்கும் நன்னீரே நம் பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். நம் பாட்டன்மார் துலா மிதித்து அந்நீரை இறைத்தனர். இன்று மின்மோட்டாரும் எண்ணெய் இயந்திரமும் அவ்வேலையைச் செய்கின்றன.

போரினால் 1990 முதல் அறுந்து கிடந்த தேசிய மின்வலையமைப்பின் தொடர்பு 2013இல் சுன்னாகத்தை மீண்டும் வந்தடைந்தது. அதனை நாம் வரவேற்றோம், இன்றும் வரவேற்கின்றோம். ஆயினும் அன்று முதல் நம் தோட்டத்துக் கிணறு மஸ்கெலியாவின் மழையோடும் கொத்மலையின் மழையோடும் கயிறு பிணைக்கப்பட்டது என்பதை மறத்தலாகாது. களனியும் மகாவலியும் மின்சார வடிவில் நம் கிணற்றடிக்கு வந்து சேர்ந்துள்ளன. அவ்வாறுகள் நோயுற்றால் நாமும் நோயுறுவோம்.

இதில் இன்னுமொரு சிக்கல் உண்டு. காசல்ரீ, மவுசாகலை ஆகிய களனித் தலைநீர்த் தேக்கங்களை நிரப்புவது முக்கியமாக மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவமழை. நமக்கு மழை தருவதோ ஒக்டோபரில் தொடங்கும் மாரி. மாசி பிறந்ததும் நம் தோட்டங்கள் கிணற்றை நோக்குகின்றன. பங்குனி சித்திரையில் இறைப்பு உச்சத்தை அடைகின்றது. அதே மாதங்களிலேதான் மலைநாட்டுத் தேக்கங்களின் மட்டமும் இறங்குகின்றது. மின்சாரம் நமக்கு மிக வேண்டிய காலமும், ஆற்று மின்சாரம் மிகக் குறையும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. இதனை அறிய வானியல் நிபுணர் வேண்டியதில்லை. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் எவரும் அறிவர். கொழும்பில் திட்டம் தீட்டுவோர் மட்டும் அறியாதவர்போல் நடக்கின்றனர்.

ஒரு துளிக்கு நான்கு இழப்பு

நீர்மின்சாரத்தின் கணக்கு எளியது. விழும் நீரின் அளவும் அது விழும் உயரமும் கூடினால் மின்சாரம் கூடும். தேக்கத்தின் மட்டம் தாழும்போது நீரும் குறைகின்றது, உயரமும் குறைகின்றது. அதற்கு மேலாக, மலைநாட்டு மின்நிலையங்கள் படிக்கட்டுப்போல ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்தவை. மவுசாகலையில் தேங்கும் நீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய, புரோட்லண்ட்ஸ் என்னும் நான்கு நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிய பின்னரே களனியோடு கடலை நாடுகின்றது. மேலே விழாத ஒரு துளி கீழே நான்கு இடங்களில் இழப்பாகின்றது. கோடை முற்றி மவுசாகலை வற்றும்போது, அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டிடங்கள் நீருக்கு மேலே தலைகாட்டுகின்றன. நாட்டின் மின்சாரக் கணக்கேட்டை இதைவிடத் தெளிவாக எவரும் எழுதிக் காட்ட முடியாது.

எண்களையும் பார்ப்போம். 2015ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபையின் நீர்மின் நிலையங்கள் ஏறத்தாழ 490 கோடி அலகு மின்சாரத்தைத் தந்தன. 2017இல் அதே அணைகள், அதே சுழலிகள், அதே பொறியியலாளர்கள். கிடைத்ததோ ஏறத்தாழ 306 கோடி அலகு. அவ்வாண்டில் நாட்டின் மொத்த மின்சாரத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு அளவே. அடுத்த ஆண்டான 2018இல் மழை திரும்பியது. உற்பத்தி 510 கோடி அலகைத் தாண்டியது. மூன்றாண்டு இடைவெளிக்குள் இவ்வளவு ஏற்றமும் இறக்கமும்!

சேமிப்பேனும் உண்டோ எனில், அதுவும் போதாது. பெரிய நீர்த்தேக்கங்கள் அனைத்தும் விளிம்புவரை நிரம்பி நின்றாலும் அவற்றில் அடங்கியிருக்கும் மின்சாரம் ஏறத்தாழ 125 கோடி அலகே. இன்றைய இலங்கைக்கு அது ஒரு மாதத் தேவைக்கு அண்மையான அளவு. ஒரு பருவமழை பொய்த்தால் அடுத்த பருவம்வரை தாங்கும் களஞ்சியம் நம்மிடம் இல்லை.

காலநிலை அறிஞர் கூறுவதையும் கேட்போம். பசிபிக் மாகடலின் மேற்பரப்பு வழமையைவிட வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில், இலங்கையில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களிலும் தென்மேல் பருவத்தின் நடுப்பகுதியிலும் மழை குறைவதும், ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை மிகுவதும் பொதுவான போக்கு. இந்து சமுத்திரத்தின் மேற்கும் கிழக்கும் மாறி மாறி வெப்பமடைவதும் இவ்விளையாட்டில் பங்கு கொள்கின்றது. பூமி சூடேறச் சூடேற, பெய்யும் மழை சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ப்பதும், இடையிலுள்ள வறண்ட நாட்கள் நீளுவதும் அதிகரிக்கும் என்பது அவர்களின் எச்சரிக்கை. கொட்டித் தீர்க்கும் மழை தேக்கத்திற்கு நன்மை செய்வதில்லை. வான்கதவு வழியே வழிந்தோடி, மலையின் மண்ணை வாரிக்கொண்டுவந்து அணையின் அடியில் படியவைக்கின்றது. பொல்கொல்லவும் ரந்தம்பேயும் வண்டலால் நிரம்பிவருவது பொறியியலாளர் பலகாலம் அறிந்த செய்தி. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டைச் சரித்துப் பல நூறு உயிர்களைக் காவுகொண்டதை நாம் கண்ணீரோடு கண்டோம். மிகுமழையும் துன்பம், குறைமழையும் துன்பம் என்ற நிலை வந்துவிட்டது.

தெய்வச் செயல் என்னும் எதிர்வாதம்

சட்டம் பயின்றோர் அறிந்த கோட்பாடு ஒன்றுண்டு. எவரும் எதிர்பார்க்க முடியாத இயற்கை அழிவு நேர்ந்து, அதனால் ஒருவர் தம் கடமையை நிறைவேற்ற இயலாது போனால், அது தெய்வச் செயல் எனக்கூறி அவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம். அந்த எதிர்வாதத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேர்ந்தது முன்கூட்டியே அறியக்கூடியதாக இருத்தல் ஆகாது. ஆண்டுதோறும் வெள்ளம் வரும் ஆற்றங்கரையில் களஞ்சியம் கட்டியவன், நெல் நனைந்தபோது தெய்வத்தைக் காட்டித் தப்ப இயலாது.

இந்நிபந்தனையை நம் ஆட்சியாளர்மீது வைத்துப் பார்ப்போம். 1995இல் நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்மின்சாரமே. 1996இல் மழை பொய்த்தது. ஏறத்தாழ 450 கோடி அலகாக இருந்த நீர்மின் உற்பத்தி 325 கோடி அளவுக்குச் சரிந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை மின்வெட்டு. 2001இலும் 2002இலும் மீண்டும் மின்வெட்டு. 2016, 2017இல் மீண்டும் வறட்சி. 2019 மார்ச்சிலும் ஏப்ரலிலும் மீண்டும் மின்வெட்டு. கால் நூற்றாண்டுக்குள் நான்கு முறை கதவைத் தட்டிய விருந்தாளியை, ஐந்தாம் முறை வரும்போது முன்பின் அறியாதவன் என்று சொல்ல எந்த நீதிமன்றம் இடங்கொடுக்கும்?

தாமதமே இந்நாட்டின் மின்சார வரலாறு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர ஆற்றுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை அறிஞர் சபையின்முன் வைத்தது 1918இல். லக்ஷபானவின் முதற்கட்டம் ஒளி தந்தது 1950இல். நீரை நம்பத் தொடங்க முப்பத்திரண்டு ஆண்டு தயங்கியோர், நீரை மட்டும் நம்பலாகாது என்பதைக் கற்க இன்னும் எத்தனை ஆண்டு தயங்குவர்?

உலகம் இப்பாடத்தைக் கற்றிருக்கின்றது. பெரும்பகுதி மின்சாரத்தை ஆறுகளிலிருந்து பெற்றுவந்த பிரேசில், 2001இல் மழை குறைந்தபோது பாவனையை ஐந்தில் ஒரு பங்கு குறைக்குமாறு மக்களுக்கு ஆணையிட நேர்ந்தது. அதன்பின் அந்நாடு காற்றையும் பிற வழிகளையும் தேடிப் பரவியது. ஆபிரிக்காவில் கரிபா ஏரியை நம்பிய சம்பியா, 2024இன் கடும் வறட்சியில் நாளின் பெரும்பகுதியை இருளில் கழித்தது. நம் அண்டைத் தமிழகத்தைப் பாருங்கள். காவிரி வற்றினால் மேட்டூர்ச் சுழலிகள் ஓயும் என்பதை அறிந்த மாநிலம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை நிறுத்தி இந்தியாவின் முன்னணிக் காற்றுமின் மாநிலங்களுள் ஒன்றாயிற்று. பாக்குநீரிணையின் அக்கரையில் வீசும் காற்று இக்கரையிலும் வீசுகின்றதன்றோ?

தண்டம் செலுத்துவோர் யார்?

1996இல் எட்டு மணி நேர இருளுக்குக் கொழும்பு கொதித்தெழுந்தது. அன்று யாழ்ப்பாணம் எந்நிலையில் இருந்தது? 1990 முதல் வலையமைப்பு மின்சாரமின்றி, ஜாம் போத்தலில் திரியிட்டு, ஒரு துளி மண்ணெண்ணெயைக் கண்போற் காத்து, அவ்வெளிச்சத்தில் ஒரு தலைமுறை படித்துப் பட்டம் பெற்றது. இருள் என்றால் என்ன என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்விருளைச் சகித்ததனால் இனிவரும் இருளையும் சகிப்போம் என்று எவரும் கணக்கிடவும் வேண்டியதில்லை.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. டொலர் இல்லாமையால் எண்ணெய் வரவில்லை; எண்ணெய் இல்லாத வேளையில் கைகொடுக்க வேண்டிய நீர்த்தேக்கங்களும் தாழ்ந்து கிடந்தன. அதனைத் தொடர்ந்து 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. 2023 ஒக்டோபரில் இன்னும் 18 வீதம்; நீர்மின் உற்பத்தி குறையும் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டோ எல் நினோ ஆண்டு; அத்தகைய ஆண்டின் இறுதி மாதங்களில் மழை மிகும் என்பதை மேலே சொன்னோம். மழை பெய்தது, தேக்கங்கள் நிறைந்தன. 2024 மார்ச்சில் கட்டணத்தை ஏறத்தாழ 22 வீதம் குறைத்தனர். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தனர். ஜூனில் 15 வீதம் கூட்டினர். பாத்தி கட்டும்போது ஒரு விலை, நீர் பாய்ச்சும்போது வேறு விலை, அறுவடையின்போது இன்னொரு விலை என்றால், விவசாயி எதைக் கொண்டு தன் வரவுசெலவை எழுதுவான்? ஆறுமாதத்துக்கு ஒருமுறை வானத்தைப் பார்த்து ஆரூடம் சொல்லி, ஆரூடம் பிழைத்தால் ஏழையின் மடியை அவிழ்ப்பதா மின்சாரக் கொள்கை?

ஆற்று மின்சாரம் வராதபோது எண்ணெயை எரித்தால் போதும் என்பாருக்குச் சுன்னாகம் விடை சொல்லும். வலையமைப்பு அறுந்திருந்த காலத்தில் அங்கே டீசல் இயந்திரங்கள் ஓடின. சுற்றயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. 2019 ஏப்ரலில் அம்மன்று, தனியார் மின் உற்பத்தி நிறுவனமொன்று அப்பகுதி மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை நாம் போற்றுகின்றோம். ஆயினும் சுண்ணக்கல்லின் அடியில் ஒருமுறை கலந்த எண்ணெயைத் திரும்ப அள்ளுவதற்கு எந்த நீதிமன்றத்திடமும் அகப்பை இல்லை.

உடவளவ விவசாயி நம் உடன்பிறப்பு

இதனைச் சிங்களவர், தமிழர் வழக்காகச் சிறுமைப்படுத்த முனைவோர் 2023ஐ நினைவுகூர்வாராக. அவ்வாண்டின் சிறுபோகத்தில் உடவளவப் பிரதேசத்து வயல்கள் வெடித்தன. மேலே சமனலவெவத் தேக்கத்தில் நீர் இருந்தது. அந்நீரை வயலுக்கு விட்டால் தென்மாகாணத்தில் மின்வெட்டு நேரும் என்றது மின்சாரத் தரப்பு. கதிர் கருகும் முன் நீர் விடுங்கள் என்றனர் விவசாயிகள். அவர்கள் வீதிக்கு வந்து போராடிய பின்னரே, ஓகஸ்டில், அமைச்சரவை நீரைத் திறக்க முடிவு செய்தது.

சோறா, விளக்கா என்று ஒரு நாட்டை வினவும் நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? மகாவலியிலும் இதே கதை. பொல்கொல்லவில் வடக்கு நோக்கித் திருப்பப்படும் நீர் உக்குவளை, போவத்தென்ன நிலையங்களைச் சுற்றி வறண்ட வலயத்து வயல்களுக்குப் போகின்றது. அந்நீர் விக்டோரியாவுக்கும் ரந்தெனிகலவுக்கும் இல்லாமற் போகின்றது. நீர் ஒன்று, கைநீட்டுவோர் இருவர். மழை குறையும் ஆண்டில் அவ்விருவரும் ஒருவரையொருவர் பகைக்கின்றனர். இருவரையும் இந்நிலைக்குத் தள்ளியவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடவளவ விவசாயியின் துயரும் உரும்பிராய் விவசாயியின் துயரும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தவை. அணைகளின் அருகிலேயே கொழுந்து பறித்தும், லயன் அறைக்கு விளக்கு வர நெடுங்காலம் காத்திருந்த மலையகத் தமிழ்த் தொழிலாளியையும் இங்கே மறவோம்.

நம் மண்ணின் காற்றும் வெயிலும்

குடாநாட்டிற்கு இயற்கை ஆற்றைத் தரவில்லை. காற்றையும் வெயிலையும் அள்ளித் தந்திருக்கின்றது. தென்மேல் பருவத்தில் நமக்கு மழை இல்லை, சோளகம் உண்டு. பளைப் பகுதியில் தலா 10 மெகாவாட் கொண்ட இரு காற்றாலைத் தொகுதிகள் அதற்குச் சான்று. மன்னாரில் 100 மெகாவாட் காற்றாலைத் திட்டம் 2020 இறுதியில் தொடங்கிவைக்கப்பட்டது. சோளகம் ஓய்ந்திருக்கும் பங்குனி சித்திரையில் வெயில் தீயாய்ப் பொழிகின்றது. மலைநாட்டுத் தேக்கங்கள் தாழும் மாதங்களில் நம் கூரைகளே மின்நிலையங்கள் ஆகலாம்.

காற்றும் மாறும், வெயிலும் மறையும் என்பார் சிலர். உண்மையே. மூன்றும் ஒரே நாளில் பொய்ப்பது அரிது என்பதே நம் விடை. ஒரு காலில் நிற்பவனை ஒரு கல் வீழ்த்திவிடும். முக்காலியை அவ்வளவு எளிதில் வீழ்த்த முடியாது. ஆயின் சேமிப்பு வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருளாக்கிற்று. நண்பகலில் சூரியமின்சாரம் மிகுந்து பாவனை குறைந்திருந்ததும் வலையமைப்பைத் தளர்த்தியது என்றனர். அதே ஆண்டின் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவையுங்கள் என்று வேண்டினர். மின்கலச் சேமிப்பு போதியளவு இருந்திருந்தால் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டுமா? நெல் விளைந்த ஆண்டில் களஞ்சியம் கட்டாதவன், விளைச்சலைக் குறைகூறுவது போன்றதே இது.

கட்ட முன்வந்தோரை ஆட்சி கையாண்ட விதமோ வேறு கதை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்களுக்குக் காற்று, வெயில், மின்கலம் இணைந்த திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. இந்தியா கவலை தெரிவித்தது. அத்திட்டம் கைவிடப்பட்டு, இந்திய மானியத்தில் புதிய ஒப்பந்தம் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. இரு யானைகள் மோதிய மூன்றாண்டில் தீவக மக்களின் கருத்தைக் கேட்டோர் உண்டா? மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிற்று. மன்னார்த் தீவு மக்கள் தம் நிலத்துக்கும் வடிகாலுக்கும் பறவைகளுக்கும் கேடு வரும் என்று அஞ்சி 2025 ஓகஸ்டில் வீதியில் இறங்கினர். அவர்களைக் காற்றுக்கு எதிரிகள் என்று பழிப்பது அநீதி. கேளாமல் நாட்டப்படும் தூண் எதுவாயினும் மக்கள் அதனை எதிர்ப்பர். போரில் வெளியேற்றப்பட்ட சம்பூர் மக்களின் நிலத்தில் நிலக்கரி ஆலை கட்ட 2006இல் திட்டமிட்டு, பத்தாண்டு கழித்து 2016இல் அதனைக் கைவிட்ட கதை நமக்கு நினைவிருக்கின்றது.

நம்மவர்க்கும் ஒரு சொல். சூரியன் கட்டணம் கேட்பதில்லை என்று எண்ணி இரவுபகலாய் இறைத்துக்கொண்டிருந்தால், சுண்ணக்கல்லின் நன்னீர் வற்றிக் கடல்நீர் உள்ளே புகும். மின்சாரம் மலிந்தாலும் நீர் மலியாது. அளவறிந்து இறைக்கும் ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

சட்டம் விட்ட ஓட்டை

இவற்றையெல்லாம் மாகாணம் செய்யலாகாதா எனில், இங்கேதான் சட்டத்தின் சூழ்ச்சி வெளிப்படுகின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், மாகாண சபை நிரலின் 34ஆம் உருப்படியில், மாகாணத்தில் மின்சக்தி உற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்யும் அதிகாரத்தை மாகாணத்துக்கு வழங்குகின்றது. வழங்கிய அதே மூச்சில் இரண்டை விலக்குகின்றது: ஒன்று, நீர்மின்சாரம், மற்றது, தேசிய வலையமைப்புக்கு ஊட்டப்படும் மின்சாரம்.

நீர்மின்சாரத்தை விலக்கியதால் ஆறில்லாத நமக்கு நட்டமில்லை. இரண்டாவது விலக்கே கழுத்தை நெரிப்பது. வலையமைப்போடு இணையாத மின்சாரம் தீவுகளுக்கும் தனித்த தோட்டங்களுக்கும் மட்டுமே பயன்படும். இணைந்துவிட்டாலோ மாகாணத்தின் அதிகாரம் மறைந்துவிடும். இலையில் சோற்றைப் பரிமாறிவிட்டுக் கையைக் கட்டிவைத்த விருந்து இது! அந்த அரைகுறை அதிகாரத்தையேனும் ஏந்துவதற்கு இன்று சபை உண்டா? 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் உருண்டன, தேர்தல் வரவில்லை. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்தன. சபை ஒன்றாயினும் கம்பனி பலவாயினும், தண்டம் செலுத்தும் மாகாணத்திற்குத் தீர்மானிக்கும் மேசையில் இருக்கை எங்கே என்பதே நம் வினா.

நாம் கேட்பது

முதலாவது, நல்ல மழை ஆண்டின் சராசரியை வைத்துத் திட்டமிடும் வழக்கம் ஒழிய வேண்டும். மோசமான வறண்ட ஆண்டை அளவுகோலாக்கி, எவ்வளவு நீர் வயலுக்கு, எவ்வளவு விளக்கிற்கு, குறையை நிரப்புவது எது என்பதை ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கலுக்கு முன் விவசாயி விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடல் வேண்டும். தோட்டக்காரன் கன்று நடுமுன் அறிய வேண்டியதை, மின்வெட்டு வந்தபின் வானொலியில் அறிவிப்பதால் பயனில்லை.

இரண்டாவது, குடாநாட்டின் காற்றும் வெயிலும் அந்நாட்டு மக்களின் கூட்டுடைமையாக வளர வேண்டும். மூளாயில் கூட்டுறவாய் வைத்தியசாலை கண்ட மக்கள் நாம். கிராமந்தோறும் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே சூரியத் தகடும் மின்கலமும் நிறுவ, வங்கிக் கடனும் நியாயமான கொள்வனவு விலையும் தரப்படல் வேண்டும். பொறியியலாளரும் கணக்காளரும் சட்டத்தரணிகளும் அச்சங்கங்களுக்குத் தம் அறிவை ஊதியமின்றி வழங்க முன்வரல் வேண்டும். இது அரசாங்கத்திடம் கேட்கும் பிச்சை அன்று. நம்மவர் நம்மவர்க்குச் செய்யும் கடன்.

மூன்றாவது, 34ஆம் உருப்படியிலுள்ள இரண்டாவது விலக்கு நீக்கப்பட வேண்டும். மாகாண சபைத் தேர்தல் நடைபெற வேண்டும். நம் கரையில் ஒரு காற்றாடி நாட்டப்படுமாயின், அதன் நிழல் விழும் மண்ணுக்குரியவரின் சம்மதமும் அதன் வருவாயில் அவர்க்குரிய பங்கும் சட்டத்தில் எழுதப்படல் வேண்டும்.

வறட்சி மீண்டும் வரும். எந்த ஆண்டு என்று சொல்ல எவராலும் இயலாது. வராது என்று சொல்லவும் எவராலும் இயலாது. அன்று அமைச்சர் ஒருவர் மீண்டும் வானத்தைச் சுட்டுவார். அவர் சுட்டும் விரலைத் தமிழ் மக்கள் பார்க்க வேண்டாம்; அந்த விரலுக்குரியவர் மழை பெய்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்று கேட்கட்டும். தன் கிணற்றையும் தன் கூரையையும் தன் வாக்கையும் ஆளத் தெரிந்த மக்களை எந்த வறட்சியும் இருளில் தள்ளாது. சங்கங்களைக் கூட்டுங்கள், தீர்மானங்களை நிறைவேற்றுங்கள், அடுத்த கோடைக்கு முன் வேலையைத் தொடங்குங்கள்!